ஒரு வேலைக்குப் பதினேழு நாடுகள்

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கையெழுத்துக்காகப் பேனாவின் மூடியைத் திறந்த நேரத்தில் பதினேழு நாடுகள் குறுக்கே வந்தன.

நகரக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை. பெரிய வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெருக்குழாய்களிலிருந்து பாட்டில்களில் வரும் தண்ணீரைப் பார்த்து, குளோரின் எவ்வளவு, உப்பு எவ்வளவு, கிருமி உண்டா இல்லையா என்று எழுதி வைக்க வேண்டும். வேதியியல் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது போதும். நேர்முகத் தேர்வில் அவள் வாயிலிருந்து வந்தது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும். கூடத்தின் தலைமை வேதியியலர் பொறுத்துப் பார்த்துவிட்டு சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக்குழாயான பிப்பெட்டை அவள் கையில் கொடுத்தார். கை நடுங்கவில்லை.

"வாய் இல்லாட்டி பரவால்ல. கை இருக்கு," என்றார் அந்த அம்மாள். "திங்கக்கிழமை வந்துடு. வெள்ளைக் கோட்டு நீயே கொண்டு வா. இங்க இருக்கிறதெல்லாம் ஆசிட் பட்டு சல்லடையாக் கிடக்கு."

வீட்டில் அம்மா பழைய கல்லூரிக் கோட்டைத் தேடியெடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டாள். அம்மாவுக்கு ஒரு பல்பொருள் அங்காடியில் கல்லாவில் வேலை. இப்போது அங்கே கல்லா இல்லை. சாமான்களைத் தாங்களே காட்டிப் பணம் கட்டிப் போகும்படி இயந்திரங்கள் வைத்துவிட்டார்கள். அவற்றை எப்படி இயக்குவது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அம்மாவுக்குக் கொடுத்திருந்த வேலை.

"எல்லாரும் கத்துக்கிட்டா என்னை அனுப்பிடுவாங்க. அதனால கொஞ்சம் குழப்பித்தான் சொல்லிக்கொடுக்கறேன்," என்றாள் அம்மா, காலரின் மடிப்பை அழுத்தியபடி. "அதுக்குள்ள நீ உள்ள போயிடு, தாயே."

அண்ணன் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுகிறவன். அவனுடைய முதலாளி ஒரு செல்போன். "ஊமைக்கோட்டானுக்கு வேலையா?" என்றான். "சரியாத்தான் புடிச்சிருக்காங்க. தண்ணியும் பேசாது, இவளும் பேச மாட்டா."

சனிக்கிழமை காலை அமைச்சகத்திலிருந்து இணைச் செயலாளர் கூப்பிட்டார். புதிதாக ஆள் எடுக்கத் தடை இருந்த காலம் அது. இளைஞர் யாருக்கு வேலை கொடுப்பதானாலும் இளையோர் வேலைவாய்ப்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்காமல் இருப்பதுதான் அந்தத் துறையின் முழுநேரப் பணி.

"உங்க கோப்பு என் மேசைக்கு வந்துச்சும்மா. பார்த்ததும் கண்ணே கலங்கிடுச்சு. இந்தத் துறையில இத்தனை வருஷமா இருக்கேன், வேலைன்னு ஒண்ணை நேர்ல பார்க்கிறது இதுதான் முதல் தடவை."

"சரிங்க சார்."

"திங்கக்கிழமை இங்க சர்வதேச மாநாடு. தொழில்நுட்பம் மாறிக்கிட்டே போகுதுல்ல, இளைஞர்களுக்கு வேலை இல்லல்ல, பதினேழு நாட்டு அரசாங்கமும் கைகோத்து ஒரு உடன்படிக்கை போடறோம். எல்லாம் தயார். வேலை மட்டும்தான் இல்லாம இருந்துச்சு. கடவுள் மாதிரி உங்க கோப்பு வந்துச்சு. உங்க நியமன ஆணையை உடன்படிக்கையோட இணைப்பு ஒண்ணாச் சேர்த்துட்டோம். மூணு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனா பதினேழு நாடு சேர்ந்து கொடுக்கிற வேலைம்மா! யாருக்குக் கிடைக்கும்?"

ஒரு நாடு கொடுத்தாலே போதும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது தொண்டைவரை வந்து நின்றது.

"மௌனம் சம்மதம்," என்று மகிழ்ந்தார் இணைச் செயலாளர். "நன்றிம்மா."

விஷயத்தைக் கேட்ட தலைமை வேதியியலர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி, சரின்னா சொன்னே?"

"ஒண்ணுமே சொல்லலை மேடம்."

"அவங்க அகராதியில அதுக்குச் சரின்னுதான் அர்த்தம். இனி அவங்களா திருப்பி அனுப்புற வரைக்கும் நான் அந்தக் கோப்பைத் தொட முடியாது." அம்மாள் மேசைமேல் வரிசை கட்டி நின்ற பாட்டில்களைப் பார்த்தார். "போ. போய் உன் வேலைக்குப் பக்கத்துலயே உட்காரு. கண்ணை எடுக்காதே. அசந்தா தின்னுடுவாங்க."

அப்படித்தான் திங்கட்கிழமை அவள் பரிசோதனைக்கூடத்துக்குப் பதிலாக மாநாட்டு மண்டபத்துக்குப் போனாள்.

வாசலில் ஆளை அடையாளம் கண்டு அட்டை அச்சிட்டுத் தரும் இயந்திரம் ஒன்று நின்றது. பதிவு செய்ய ஆள் தேவையில்லை என்று அதன்மேல் எழுதியிருந்தது. அது அடிக்கடி நின்றுபோனதால் பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் பொறியியல் பட்டதாரிகள், நாலு பேருக்கும் சம்பளம் கிடையாது. தன்னார்வலர்கள் என்று சட்டையில் பொறித்திருந்தது. இயந்திரம் அவளிடம் தொழில் என்ன என்று கேட்டது. அமைச்சர், அதிகாரி, நிபுணர், செய்தியாளர் என்று நாலு பதில்கள்தாம் இருந்தன. வேலையில்லாதவர் என்ற ஒன்றை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நிபுணர்னு போடுங்க," என்றான் தன்னார்வலர்களில் ஒருவன். "நாங்களும் அப்படித்தான் உள்ள வந்தோம்."

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. வட்ட மேசை, தண்ணீர்க் குவளைகள், குவளைகளுக்குக் காகித மூடி. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெயர்ப்பலகை. கடைசியில், தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து, 'இளையோர்' என்று ஒரு பலகை. இணைச் செயலாளர் அவளை அங்கே உட்கார வைத்தார்.

"இது பார்வையாளர் இருக்கைம்மா. பேச உரிமை கிடையாது. ஆனா மௌனமா இருக்க முழு உரிமை உண்டு. அதைக் குறிப்புல பதிவு பண்ணுவோம். இந்த உரிமையை வாங்கவே போன மூணு மாநாட்டுல போராடினோம்."

மாநாட்டுத் தலைவர் எழுந்தார். வெள்ளை முடி, வெண்ணெய் தடவிய குரல். அவர் பேசியது காதில் மாட்டிய கருவி வழியாகத் தமிழில் வந்தது.

"நண்பர்களே, இளையோர் வேலையின்மைக்கு நான் கடன்பட்டவன். இருபத்தைந்து வயதில் இந்தப் பிரச்சினைக்குள் வந்தேன். என்னைப் படிப்படியாக உயர்த்தியது, உலகமெல்லாம் அழைத்துச் சென்றது, என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, எல்லாம் இதுதான். இது தீர்ந்துபோனால் நம் கதி என்ன ஆகும் என்று நினைக்கும்போது எனக்கு நடுக்கம் எடுக்கிறது. ஆனாலும் நாம் தியாகம் செய்யத் தயங்கக் கூடாது."

கைதட்டல் எழுந்தது. தியாகத்தைத் தள்ளிப்போடலாம் என்ற நம்பிக்கை அதில் தெரிந்தது.

பிறகு பெரிய திரையில் உடன்படிக்கையின் அந்த இணைப்பு வந்தது. அவளுடைய வேலை. 'தங்களை நீர்ப் பரிசோதனை உதவியாளராக நியமிக்கிறோம்.' ஒரே வரி. அத்தனை பெரிய திரையில் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இருந்திருந்தால் அழுதிருப்பாள்.

குளிர்ப்பிரதேச நாட்டின் அமைச்சர் கையைத் தூக்கினார். 'நியமிக்கிறோம்' என்பது மிகவும் கடுமையான சொல் என்றார். "அதைப் படிக்கிறவர் தன்னை நியமித்துவிட்டதாக நினைத்துவிடும் ஆபத்து உள்ளது." மேசை முழுக்கத் தலைகள் ஆடின. 'நியமிக்கும் எண்ணத்தைக் கனிவுடன் நோக்குகிறோம்' என்று மாறியது.

அடுத்தது நீர். ஒரே ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு அண்டை நாடுகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஐம்பது வருடத்தில் முதல்முறையாக இரண்டும் ஒத்துப்போனது, அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்பதில்தான். இது வரலாற்றுத் தருணம் என்று தலைவர் புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். நீருக்குப் பதில் 'திரவம்' என்று போட்டார்கள். எண்ணெய் விற்கும் நாட்டின் அமைச்சர், திரவத்தைப் பரிசோதிக்கும் அதிகாரம் அந்நியருக்குக் கிடையாது என்றார். திரவம் 'பொருள்' ஆனது. மதிய இடைவேளை விட்டார்கள்.

தீவு நாட்டின் அமைச்சர் தட்டும் கையுமாக அவளிடம் வந்து அன்போடு விசாரித்தார். "நீங்கள் எந்தத் துறையில் வேலையில்லாமல் இருக்கிறீர்கள்?"

"வேதியியல்."

"அருமையான துறை. நிறைய எதிர்காலம் இருக்கிறது."

இரண்டாம் நாள் 'தங்களை' என்ற சொல்லுக்கு வந்தார்கள். அது ஒன்றாவது தப்பும் என்று அவள் நினைத்திருந்தாள். யாருடைய ஆற்றிலும் யாருடைய எண்ணெய்க் கிணற்றிலும் அவள் இல்லையே.

கருவிகள் செய்து விற்கும் நாட்டின் அமைச்சர் மெல்லச் செருமினார். "இந்தச் சொல்லில் ஒரு பாகுபாடு தொனிக்கிறது. மனிதருக்கு மட்டும்தான் வேலையா? தொழில்நுட்பம் மாறிவரும் காலம் என்று நம் மாநாட்டின் பெயரிலேயே இருக்கிறதே. நான் மனிதர்களுக்கு எதிரானவன் அல்லன். என் மனைவியே மனிதர்தான். சமவாய்ப்பு கேட்கிறேன், அவ்வளவுதான்."

யாரும் சமவாய்ப்புக்கு எதிராகப் பேசத் துணியவில்லை. 'தங்களை அல்லது தங்களுக்கு நிகரான கருவியை' என்று திரை மாறியது. அவள் தூணுக்கு இந்தப் பக்கம் நகர்ந்து இணைச் செயலாளரைப் பார்த்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது வெள்ளைக் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒரு பெரியவர் வந்தாரு. ஒரே தடவையில மெஷினைக் கத்துக்கிட்டாரு. அதோட போனாரா? வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்துட்டாரு, பாவி மனுஷன். மேலாளர் பார்த்துட்டான். மாசக் கடைசியோட போதும்னுட்டான்."

பிறகு அம்மா கேட்டாள். "உன் வேலை எந்த மட்டுல இருக்கு?"

"பேசிக்கிட்டிருக்காங்கம்மா."

"நீ பேசினியா?"

"எனக்குப் பேச உரிமை இல்லம்மா. மௌனமா இருக்கத்தான் உரிமை. எனக்குப் பதிலா ஒரு கருவியையும் போடலாம்னு எழுதியிருக்காங்க. எனக்கு நிகரான கருவி."

அண்ணன் சிரித்தான். "உனக்கு நிகரான கருவின்னா அதுவும் வாயைத் திறக்காதே. ரெண்டு பேரையும் எப்படிடி அடையாளம் கண்டுபிடிப்பாங்க?" சொன்ன பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தான். "கேலிக்குச் சொன்னேன். நாளைக்கு ஏதாவது சொல்லுடி. என்கிட்டத் திட்டு வாங்கினா முறைப்பியே, அப்படியாவது முறை."

மூன்றாம் நாள் திரையில் இருந்ததை அவள் இரண்டு முறை படித்தாள். 'தங்களை அல்லது தங்களுக்கு நிகரான கருவியை, பொருள் சார்ந்த பணிகளில், இயன்ற இடங்களில், இயன்ற அளவுக்கு, உரிய காலத்தில் ஈடுபடுத்தும் எண்ணத்தைக் கனிவுடன் நோக்குகிறோம்.' உதவியாளர் என்ற சொல் எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. காலைச் சிற்றுண்டியின்போது போயிருக்க வேண்டும்.

"இப்போது உடன்படிக்கையின் உரை மௌன நடைமுறைக்கு வருகிறது," என்றார் தலைவர். "தேநீர் மணி அடிக்கும்வரை அவையில் யாரும் வாய் திறக்காவிட்டால் பதினேழு நாடுகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டதாகப் பொருள். யாராவது திறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலருக்கு மாலையில் விமானம் இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்."

இணைச் செயலாளர் குனிந்து அவள் பக்கம் வந்தார். "வாயைத் திறந்துடாதம்மா. இருமல் வந்தாக்கூட அடக்கிக்கோ. இப்ப நீ நாட்டுக்குச் செய்யக்கூடிய ஒரே சேவை இதுதான்."

மண்டபம் அடங்கியது. அமைச்சர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கினார். குளிரூட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

பள்ளியில் வாயைத் திற என்றார்கள். கல்லூரியிலும் அதையே சொன்னார்கள், நேர்முகத் தேர்வுகளிலும் அதையே சொன்னார்கள். பேசத் தெரியாததால்தான் வேலை கிடைக்கவில்லை என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அரசாங்கம் வாயைத் திறக்காதே என்று கெஞ்சுகிறது. அவள் ஆணியில் தொங்கிய கோட்டை நினைத்தாள். செருப்போடு உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்தாள். மேசைமேல் வரிசை கட்டி நின்ற பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. அந்தத் தண்ணீரைத்தான் ஊரே குடித்துக்கொண்டிருந்தது.

"அது என் வேலைங்க," என்றாள்.

குரல் கீச்சென்று வந்தது. தண்ணீர்க் குவளை மூடிகள் பறந்துவிட்டதுபோல் எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். "தண்ணி பரிசோதிக்கிற வேலை. எனக்குக் கிடைச்சுடுச்சு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க, போதும்."

பதினேழு நாடுகளும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தன. விமானங்கள் போய்விடும் என்ற பீதி மேசையைச் சுற்றி ஓடியது. தலைவர் சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார். அவர் தடித்த விதிப்புத்தகத்தோடு வந்து, புரட்டி, கண்ணாடியை மாற்றிப் போட்டு, மறுபடி புரட்டினார். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது.

"கவலைக்கு இடமில்லை. இளையோர் இருக்கைக்குப் பேசும் உரிமை கிடையாது. உரிமை இல்லாதவரிடமிருந்து வருவது விதிகளின்படி பேச்சு ஆகாது. எனவே அவையில் எழுந்தது ஓர் ஒலி. குளிரூட்டியின் ஒலியைப் போல. மௌனம் கலையவில்லை."

தேநீர் மணி அடித்தது. உடன்படிக்கை ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்று இளையோரின் ஒலியையும் கேட்டோம். அது நம் நெஞ்சைத் தொட்டது. அடுத்த மாநாட்டில் அந்த ஒலியை ஆராய ஒரு குழு அமைப்போம்."

அதோடு விட்டார்களா? கருவிகள் செய்யும் நாடு நல்லெண்ணத்தின் அடையாளமாக நிகரான கருவி ஒன்றை அங்கேயே அன்பளிப்பாகக் கொடுத்தது. நாலு தன்னார்வலர்கள் மூச்சு வாங்க அதை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். பெட்டிக்கு ரிப்பன் கட்டியிருந்தது. நியமன ஆணையை அதற்கு வழங்க இளையோர் சார்பில் அவளை அழைத்தார்கள். இணைச் செயலாளர் அவளுடைய முழங்கையைப் பிடித்து மேடைக்கு நடத்தினார். ஆணையை வாங்கிக்கொள்ளப் பெட்டிக்குக் கை இல்லை. அதனால் அவளே ஒட்டுநாடாவால் அதன்மேல் ஒட்ட வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் என்றார் புகைப்படக்காரர்.

மறுநாள் காலை அவள் பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். வேலை போன இடத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போவதுபோலத்தான் போனாள். பெட்டி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்து மூலையில் நின்றது. ரிப்பன் அவிழ்க்கப்படவில்லை.

"பிரிக்கக் கூடாதாம்," என்றார் தலைமை வேதியியலர். கோபத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது. "முறைப்படி நியமிச்ச ஊழியராச்சே. வேலையில சேர மருத்துவச் சான்றிதழ் வேணுமாம். கண்பார்வை, ரத்த அழுத்தம் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதி வாங்கணுமாம். எந்த டாக்டர்டீ இதுக்கு நாடி பிடிச்சுப் பார்ப்பான்? அது சேர்ற வரைக்கும் தண்ணியை யார் பார்க்கிறதுன்னு கேட்டேன். அந்த இடத்துல ஏற்கெனவே ஆள் இருக்குன்னுட்டாங்க."

பாட்டில்கள் மேசையை நிறைத்துத் தரைக்கு இறங்கியிருந்தன.

அம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அது பழக்கமில்லாத காரியம் என்பது தெரிந்தது. "கேளு. பாட்டில் கழுவ தினக்கூலிக்கு ஒரு ஆள் வெச்சுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. யார்கிட்டயும் கேட்க வேண்டாம். சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இருக்காது. எழுதுறது பாட்டில் கழுவுறவன்னு எழுதுவேன், செய்யுறது இந்த வேலை. வர்றியா?"

அவள் பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்தாள். எதற்காக எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஆனா ஒண்ணு," என்றார் அம்மாள். "வெளியில மூச்சு விடாதே. உனக்கு வேலை கிடைச்சது அவங்க காதுல விழுந்தா மறுபடி மாநாடு கூட்டிடுவாங்க."

மாதங்கள் போயின. பெட்டி மூலையிலேயே நின்றது. அதற்கு ஆண்டு ஊதிய உயர்வு வந்தது. அம்மாவைச் சொன்னபடியே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாட்டில் கழுவுகிறவளின் தினக்கூலியிலும் அண்ணனின் பொட்டலங்களிலும் வீடு நொண்டி நொண்டி ஓடியது.

ஒருநாள் மதியம், அவள் பிப்பெட்டில் பரிசோதனைக் கரைசலை ஏற்றிப் பிடித்திருந்தபோது மேசைமேல் இருந்த செல்போன் அடித்தது. அம்மாள் எட்டி அதை அழுத்தி அவள் காதருகே பிடித்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? இணைச் செயலாளர் பேசறேன். அடுத்த மாநாடு முடிவாயிடுச்சு. இந்தத் தடவை கடற்கரை உள்ள ஒரு நாட்டுல. இளையோர் இருக்கைக்கு உங்களையே கூப்பிடணும்னு தலைவர் பிடிவாதமா இருக்கார். ஒலி ஆராய்ச்சிக் குழுவுக்கும் ஆள் வேணும். ஒரே ஒரு நிபந்தனை, வேலை எதுவும் கிடைச்சிருக்கக் கூடாது." அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. "ஒண்ணும் கிடைச்சுடலையே?"

அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். பதில் அவள் தொண்டைவரை வந்தது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். நேர்முகத் தேர்வுகளில் அது தானாக நிற்கும். இன்று அவள் நிறுத்தினாள்.

"ஹலோ?"

அவள் ஒரு சொட்டு விட்டாள். குடுவையில் இருந்த நீர் நிறம் மாறியது.

"அப்பாடா," என்றார் இணைச் செயலாளர். "நல்ல செய்தி சொன்னீங்க. அப்படியே இருங்கம்மா."